சுருதி அளந்த பண்டிதர்

கையிற் கொண்டு செல்லத்தக்க சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்று உங்களுக்குக் கிடைத்தது என்று கொள்வோம். பெட்டியின் முகத்தில் எண்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். குமிழைத் திருகினால் அவ்வெண்களின்மீது ஒரு முள் நகரும். முள் 9.5 மெகாஹெர்ட்ஸ் என்னும் கோட்டின்மேல் நிற்கின்றது. பெட்டி அந்த அதிர்வெண்ணில் வரும் அலையைத்தான் ஏற்கின்றதா, அன்றி அதற்குச் சற்று மேலோ கீழோ உள்ள அலையை ஏற்கின்றதா? முள்ளை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. தன் அளவு சரியா என்பதைப் பெட்டி தானே சொல்ல இயலாது. அதற்குப் புறத்தே ஐயமற்ற வேறோர் அளவு வேண்டும்.

இக்காலத்து மாணவருள் பலர் இத்தகைய பெட்டியைக் கண்டிரார். முன்னாளில் தென்காசி, குற்றாலப் பக்கங்களில் இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளைக் கேட்டு மகிழ்ந்தோர் பலர். சிற்றலைகள் மேல் வானத்திலுள்ள அயனி மண்டலத்திற் பட்டுத் திரும்பி மண்ணுக்கு வருவன. ஆதலின் மலையும் கடலும் அவற்றைத் தடுப்பதில்லை. மேற்கே மலைத்தொடர் மதில்போல் நிற்கும் ஊர்களிலும் தொலைநாட்டுக் குரல்கள் அவ்வழியே வந்து சேர்ந்தன. ஆனால் சிற்றலைப் பகுதியில் நிலையங்கள் நெருங்கி நிற்கும். பெரும்பாலும் 5 கிலோஹெர்ட்ஸ் அளவிற்கு ஒன்றாக அவை அமைவன. எழுத்தாணி முனைபோன்ற முள்ளின் அகலத்துக்குள்ளேயே பல நிலையங்கள் அடங்கிவிடும். ஆகவே முள் சிறிது பொய் சொன்னாலும் கேட்பவர் வேற்றூருக்குப் போய்விடுவார்.

பொய்யை எவ்வாறு கண்டுபிடிப்பது? பெட்டியைத் திறந்த வெளியிற் கொண்டுபோய்ச் சிறிது நேரம் பாடவிட்டு, அது சூடேறி நிலைபெற்ற பின்னர், அதிர்வெண் நன்கு தெரிந்த நிலையம் ஒன்றைப் பிடிக்க வேண்டும். காலக் கணக்கை அறிவிக்கும் நிலையங்கள் சில சரியாக 10 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகின்றன. அவை இதற்கு மிகவும் ஏற்றவை. நிலையம் தெளிவாகக் கேட்கும் இடத்தில் முள் எங்கே நிற்கின்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்திற் பார்த்தது போதாது. அளவுகோலின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என மூன்று இடத்திலேனும் பார்த்தல் வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிழை இருந்தால், முள் மட்டும் சற்று நகர்ந்துவிட்டது என்று அறியலாம். அது சிறு குற்றம். ஓரிடத்தில் ஒரு பிழையும் மற்றோரிடத்தில் வேறு பிழையும் இருந்தால், அளவுகோலே கோணலானது என்று தெளியலாம், அது பெருங்குற்றம்.

இவ்விரு குற்றங்களுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் முன்னோர் இசையில் வகுத்த சுருதிகளுக்கும் இதே கேள்வி உண்டு. வீணையின் மெட்டுகள் சரியான இடத்தில் நிற்கின்றனவா? சரியான இடம் என்பதை எதைக் கொண்டு துணிவது? செவியைக் கொண்டா, கணக்கைக் கொண்டா, முன்னோர் நூலைக் கொண்டா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் பிற்பகுதியையும், தாம் ஈட்டிய பொருளில் பெரும்பகுதியையும் செலவிட்ட ஒருவர் தென்காசிச் சீமையிற் பிறந்தார். அவர் ஆபிரகாம் பண்டிதர்.

தென்காசியிலிருந்து ஆய்க்குடி வழியாகச் சுரண்டைக்குச் செல்லும் சாலையில் சாம்பவர்வடகரை என்னும் ஊர் உள்ளது. அங்கே 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் முத்துசாமி என்பார்க்கும் அன்னம்மாளுக்கும் மகனாக ஆபிரகாம் தோன்றினார். அந்நாளில் அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது; 2019-இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு அதனுள் அமைந்தது. பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசிவிசுவநாதர் கோயிலும், குற்றாலத்துச் சித்திரசபையும், திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய மலையும் அவ்வூருக்குத் தொலைவில் இல்லை. குறவஞ்சி என்பது படித்துவிட்டு மூடிவைக்கும் நூலன்று. பாடியும் ஆடியும் நுகர்வதற்கென்று இயற்றப்பட்டது. பச்சிலைகளுக்கும் பாட்டுக்கும் பெயர்பெற்ற நிலத்திற் பிறந்தவர் பிற்காலத்தில் மருத்துவத்திலும் இசையிலும் தலைசிறந்தது பொருத்தமே.

அவருடைய இளமையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். ஒளிப்படக் கலை அந்நாளில் புதுமை, அதையும் கற்றார். சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் இசை பயின்றார். ஒரு கலையைக் கற்றால் அதன் அடிவரை சென்று பார்த்தாலன்றி அவர் மனம் அமைதி பெறுவதில்லை. இவ்வியல்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

மருத்துவ மூலிகைகளைத் தேடிச் சுருளிமலைக்குச் சென்றபோது கருணானந்தர் என்னும் துறவியின் தொடர்பு அவருக்கு வாய்த்தது. அவரிடமே சித்த மருத்துவத்தின் நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்தார். ஆசிரியர்பாற் கொண்ட நன்றியினாற் போலும், பிற்காலத்தில் தாம் நிறுவிய மருத்துவசாலைக்கும், உண்டாக்கிய தோட்டத்திற்கும், எழுதிய பெருநூலுக்கும் கருணை என்னும் சொல் வருமாறே பெயரிட்டார்.

ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் அம்மையாரை மணந்து, 1883-ஆம் ஆண்டளவில் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தார். கணவனும் மனைவியும் அங்கே பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியப்பணி ஆற்றினர். 1890-ஆம் ஆண்டளவில் அப்பணியை விட்டு மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டனர். கருணாநிதி வைத்தியசாலையின் கோரோசனை மாத்திரைகள் தமிழகமெங்கும் பரவியதோடு கடல் கடந்தும் விலைபோயின. செல்வம் பெருகிற்று. தஞ்சையின் புறத்தே பெருந்தோட்டம் ஒன்றை அமைத்து மூலிகைகளையும் கரும்பையும் பயிரிட்டு ஆராய்ந்தார். அரசினர் அவருக்கு 1909-இல் ராவ்சாகிப் என்னும் பட்டம் அளித்தனர். இவ்வளவோடு அவர் அமைந்திருந்தால், நல்ல மருத்துவர், நல்ல உழவர் என்னும் புகழோடு வாழ்ந்து முடிந்திருப்பார். நாம் இன்று அவரைப் பற்றிப் படிக்க வேண்டிய தேவையும் நேர்ந்திராது.

இசை அவரை விடவில்லை. தஞ்சாவூர் இசைவாணர் நிறைந்த ஊர். பாடுவோரும் வாசிப்போரும் அவர் இல்லத்திற்கு வந்துபோயினர். அவர்களிடம் அவர் ஒன்றையே திரும்பத் திரும்ப வினவினார். ஒரு சட்சத்திற்கும் அதன் மேல் சட்சத்திற்கும் இடையே எத்தனை சுருதிகள் உள்ளன? 22 என்று எல்லாரும் விடை கூறினர்; நூல்களிலும் அவ்வாறே எழுதியிருந்தது. அந்த 22 சுருதிகளும் எவ்வெவ்விடத்தில் நிற்கின்றன என்று அடுத்த வினாவை எழுப்பினால், ஒருவர் கூறிய இடத்தை மற்றொருவர் கூறவில்லை. கணக்கிட்டு எழுதியவர்களின் அட்டவணைகளும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. எண் ஒன்று, இடம் பல என்றால், அந்த எண்ணில் ஏதோ தவறு இருக்க வேண்டும் என்று பண்டிதர் ஐயுற்றார்.

இது பெரிய துணிவு. 22 என்னும் எண் பரத முனிவர் காலந்தொட்டு வழங்கி வருவது. பரதரும் இதைச் சொல்லளவில் விட்டுவிடவில்லை. சோதித்துப் பார்க்கும் வழியையும் கூறியுள்ளார். ஒரே வகையான இரண்டு வீணைகளை ஒன்றுபோலச் சுருதி கூட்டி, ஒன்றை அசையாமல் நிறுத்திக்கொண்டு, மற்றதைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி, நிலைத்த வீணையோடு அது எந்தச் சுரத்திற் பொருந்துகின்றது என்று பார்ப்பது அவ்வழி. ஐயமற்ற நிலையத்தைக் கொண்டு வானொலியின் முள்ளைச் சோதிப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. ஆனால் பரதர் எதையும் அங்குலத்தாலோ எண்ணாலோ அளந்து கூறவில்லை. செவியே அங்கு நடுவர். பிற்காலத்தார் அச்செவியின் தீர்ப்பை எண்ணாக மாற்றப் புகுந்தபோதுதான் குழப்பம் விளைந்தது.

பண்டிதர் கணக்கைக் கையிலெடுத்தார். அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். எட்டாம் வகுப்புக் கணிதமே போதும்.

32 அங்குல நீளமுள்ள ஒரு தந்தி என்று கொள்வோம். முழுத் தந்தியை மீட்டினால் வருவது சட்சம். சரிபாதியாகிய 16 அங்குலத்தை ஒலிக்கச் செய்தால் அதிர்வெண் இருமடங்காகி மேல் சட்சம் பிறக்கும். இதில் உலகத்தில் எவர்க்கும் ஐயமில்லை. நாம் தேடிய ஐயமற்ற நிலையம் இதுவே. இனி, தந்தியின் மூன்றில் இரண்டு பங்காகிய 21⅓ அங்குலத்தை ஒலிக்கச் செய்தால் பஞ்சமம் பிறக்கும். சட்சத்தோடு பஞ்சமம் இயைவதுபோல் இனிமையாக இயையும் சுரம் வேறில்லை. பழந்தமிழர் சட்சத்தைக் குரல் என்றும் பஞ்சமத்தை இளி என்றும் வழங்கினர். அந்த இளியைக் குரலாகக் கொண்டு அதற்கு ஓர் இளி காண்பது, பின்னர் அதற்கும் ஓர் இளி காண்பது என்று ஏறிக்கொண்டே போகலாம். மேல் சட்சத்தைக் கடக்குந்தோறும் தந்தியின் நீளத்தை இரட்டித்துப் பழைய எல்லைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். இவ்வாறு 12 முறை ஏறினால் 12 சுரங்களையும் ஒருமுறை தொட்டுவிட்டு மேல் சட்சத்தில் வந்து நிற்க வேண்டும்.

வந்து நிற்கின்றதா என்றால் இல்லை. 16 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 15.78 அங்குலந்தான் கிடைக்கின்றது. அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்ட பிழை. வீணையில் இது செவிக்கு நன்கு புலப்படும். நாம் தவறாகக் கணக்கிட்டோமா? அதுவும் இல்லை. பஞ்சமம் ஏறுந்தோறும் 3-ஆல் பெருக்குகின்றோம். சட்சத்திற்குத் திரும்புவதற்கு 2-ஆல் வகுக்கின்றோம். 3-ஐ 3-ஆல் எத்தனை முறை பெருக்கினாலும் விடை ஒற்றைப்படை எண்ணே. 2-ஐ 2-ஆல் எத்தனை முறை பெருக்கினாலும் விடை இரட்டைப்படை எண்ணே. ஒற்றையும் இரட்டையும் எக்காலத்தும் ஒன்றாகா. 12 முறை பெருக்கிய 3 என்பது 5,31,441; அதற்கு மிக அண்மையில் நிற்கும் 2-இன் பெருக்கம் 5,24,288. இவ்விரண்டின் வேறுபாடே அந்த ஐந்தில் ஒரு பங்கு அங்குலம். 12 முறைக்கு மாறாக 22 முறை ஏறினால் நிலைமை இன்னும் மோசம். 16 அங்குலத்திற்கு மாறாக ஏறத்தாழ 17½ அங்குலத்திற் போய் நிற்போம்.

22 சுருதி கூறியோர் இதனை அறியாதவர் அல்லர். அவர்கள் பஞ்சமத்தோடு மத்திமத்தையும், இயற்கையான காந்தாரத்தையும் கலந்து கணக்கிட்டுச் சுருதிகளை எண்ணினர். அதனால் இரு சுருதிகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஓரிடத்தில் அகன்றும் மற்றோரிடத்தில் குறுகியும் அமைந்தது. பண்டிதர் இதையே குற்றம் என்று கொண்டார். வானொலிப் பெட்டியில் கண்ட இருவகைக் குற்றங்களை நினைவு கூருங்கள். தந்தியைச் சற்றுத் தளர்த்தினால் எல்லாச் சுரங்களும் ஒரே அளவில் தாழும். அதனால் இசை கெடாது. பாடுபவர் தம் குரலுக்கேற்பச் சுருதியைத் தாழ்த்திக்கொண்டதாகவே முடியும். ஓரிடத்திற்கு ஓர் அளவாகப் பிழை வந்தால், ஒரு சுரத்தைச் சட்சமாகக் கொண்டு பாடிய பண்ணை மற்றொரு சுரத்திலிருந்து தொடங்கிப் பாடும்போது அது வேறு பண்ணாகிவிடும். பழந்தமிழர் ஒரு பாலையின் சுரங்களில் ஒவ்வொன்றையும் குரலாக வைத்துப் புதிய பாலைகளைப் பிறப்பித்தனர் அல்லவா? அளவுகோல் கோணலாக இருந்திருந்தால் அது கைகூடியிராது என்பது அவர் வாதம்.

ஆகவே சட்சத்திற்கும் மேல் சட்சத்திற்கும் இடைப்பட்ட இடத்தை ஒத்த மடங்குகளாகப் பகுப்பதே இயற்கை என்று அவர் துணிந்தார். ஏறத்தாழ 1.0595 என்னும் எண்ணை எடுத்துக்கொண்டு 12 முறை பெருக்கினால் 2 வரும். இவ்வாறு 12 சுரங்கள் அமையும். ஏறத்தாழ 1.0293 என்னும் எண்ணை 24 முறை பெருக்கினாலும் 2 வரும். இவ்வாறு 24 சுருதிகள் அமையும். எங்கிருந்து தொடங்கினாலும் தொடங்கிய இடத்திற்கே வந்து சேரலாம். இதற்காகப் பஞ்சமம் விட்டுக்கொடுப்பது மிகச் சிறிது, 21.333 அங்குலத்தில் நிற்க வேண்டியது 21.357 அங்குலத்தில் நிற்கும். அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கு வேறுபாடுதான். இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் இருப்பதைக் கண்டு, பண்டிதர் கூறிய 24 இதுதான் என்று மாணவர் மயங்குவர். அம்மெட்டுகள் ஸ்தாயி ஒன்றுக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிகளுக்கு உரியவை. பண்டிதரின் 24 சுருதிகள் ஒரே ஸ்தாயிக்குள் அடங்குவன.

கணக்கு இவ்வாறு முடிந்தது. ஆயினும் பழந்தமிழ் நூல் வேறாகக் கூறினால் என் செய்வது? பண்டிதர் சிலப்பதிகாரத்தை எடுத்தார். அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும், அவற்றிற்கு வாய்த்த பழைய உரைகளும் யாழின் பாலைகளை ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்று நால்வகைப்படுத்துகின்றன. தமிழாசிரியர் பலர் பொருள் விளங்காமல் தாண்டிச் சென்ற பகுதி அது. பண்டிதரோ அங்கேயே தங்கிவிட்டார். ஆயப்பாலையில் 12 அரைச் சுரங்களும், வட்டப்பாலையில் 24 அலகுகளும், திரிகோணப்பாலையில் 48-ம், சதுரப்பாலையில் 96-ம் அமைந்துள்ளன என்று அவர் பொருள் கண்டார். பன்னிரண்டு இராசிகளை வட்டமாக எழுதி, இராசி ஒன்றுக்கு இரண்டு அலகாக வைத்தால் 24 ஆகின்றது. பாடும்போது விளரியிலும் கைக்கிளையிலும் ஒவ்வோர் அலகு குறைத்தமையால் 22 என்னும் எண் வந்தது. குறைத்த காரணத்தை மறந்தவர் 22-ஐயே முழு எண்ணாகக் கொண்டுவிட்டனர் என்பது அவர் முடிவு. மறைந்துபோன எண் ஒன்றை அதன் எச்சத்திலிருந்து மீட்டெடுத்த இப்பகுதியே அவர் ஆராய்ச்சியில் மிகவும் சுவையானது என்று எனக்குத் தோன்றுகின்றது.

தம் கணக்கைத் தாமே மெச்சிக்கொண்டு இருந்துவிட அவர் விரும்பவில்லை. தவறு உண்டானால் அறிந்தோர் எடுத்துக் கூறட்டும் என்று எண்ணி, 1912-ஆம் ஆண்டில் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் அவையை நிறுவினார். 1912-க்கும் 1914-க்கும் இடையில் அச்சங்கத்தின் சார்பில் ஆறு மாநாடுகள் கூடின. பாடகரும் வீணை வல்லோரும் நூல் வல்லோரும் பல ஊர்களிலிருந்து வந்தனர். செலவு பண்டிதருடையது. மருந்து விற்று வந்த பணம் சுருதிக் கணக்கிற் கரைந்தது. வந்தவருள் எல்லாரும் அவரோடு உடன்பட்டாரில்லை. மறுத்துரைத்தவர்க்கும் விருந்து ஒன்றாகவே இருந்தது.

1916-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பரோடா நகரில், மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டின் ஆதரவில், முதல் அனைத்திந்திய இசை மாநாடு கூடிற்று. அதைக் கூட்டுவித்தவர் இந்துஸ்தானி இசையறிஞர் பாத்கண்டே. பண்டிதர் தம் மகள் மரகதவல்லி அம்மாள் முதலிய குடும்பத்து மகளிரோடு தஞ்சையிலிருந்து அத்துணைத் தொலைவு சென்றார். அம்மாநாட்டில் சுருதிச் சோதனை ஒன்று நிகழ்ந்தது. கிளெமண்ட்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியும் தேவல் என்பாரும் 22 சுருதிகளையும் ஒலிக்கவல்லதாக ஓர் ஆர்மோனியத்தை அமைத்துக் கொண்டுவந்திருந்தனர். கணக்கின்படி அது குற்றமற்ற கருவி. தேர்ந்த பாடகரைப் பாடச்செய்து அதனோடு ஒப்பிட்டபோது, பாடகரின் சுரமும் கருவியின் சுரமும் பொருந்தவில்லை. எழுதிய எண் சரியாக இருந்தும், உயிருள்ள செவியின் முன் அது நிற்கவில்லை. பண்டிதர் தம் கணக்கை ஏட்டளவில் வாசித்து அமரவில்லை; மகளிரை வீணை வாசித்துப் பாடச்செய்து, அவையோர் செவியாற் கேட்டறியும்படி மெய்ப்பித்துக் காட்ட முயன்றார். பெண்கள் அவையேறிப் பாடுவது அரிதாக இருந்த அக்காலத்தில், ஆராய்ச்சியின் சான்றாகத் தம் வீட்டுப் பெண்களையே முன்னிறுத்தியது எண்ணிப் பார்க்கத்தக்கது. சுருதி பற்றிய வழக்கு அங்கே தீர்ந்துவிடவில்லை.

ஊர் திரும்பியதும் தம் ஆராய்ச்சி முழுவதையும் நூலாக அச்சிட்டார். அதற்கென அவரிடம் சொந்த அச்சுக்கூடமே இருந்தது. சென்னை ஆளுநராக இருந்த லாலி என்பாரின் பெயரால் அமைந்த, மின்சாரத்தால் இயங்கும் அச்சுக்கூடம் அது. 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். பாதிக்கு மேல் எண்களும் அட்டவணைகளும் வாதங்களுமாக இருக்குமோ என்று பக்கங்களைப் புரட்டுவோர் அஞ்சுவர். அச்சம் பொய்யன்று. ஆனால் தமக்கு மாறான கொள்கையுடையார் எழுதிய அளவுகளையும் தந்தியில் வைத்துக் கணக்கிட்டு அட்டவணையாகத் தந்திருக்கின்றார். மறுக்க வேண்டியதை மறைத்துவிட்டு மறுப்பவர் பலர். அவர் அவ்வகையினர் அல்லர்.

அவர் முடிவை அறிஞர் எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் என்று எழுதினால் அது பொய்யாகும். 12 சுரங்களை ஒத்த மடங்காகப் பகுக்கும் முறை ஐரோப்பியர் பியானோவில் கொண்ட முறையே அன்றோ என்று சிலர் வினவினர். அதனினும் வலிய தடை ஒன்று உண்டு. தம்புராவை நன்றாகச் சுருதி கூட்டி மீட்டினால், எவரும் மீட்டாமலே அதிலிருந்து காந்தாரம் தானாக எழும். 32 அங்குலத் தந்தியில் அந்த இயற்கைக் காந்தாரம் 25.6 அங்குலத்தில் நிற்கும். ஒத்த மடங்காகப் பகுத்தால் அந்தரகாந்தாரம் ஏறத்தாழ 25.4 அங்குலத்தில் வரும். பஞ்சமத்தில் நாற்பதில் ஒரு பங்காக இருந்த வேறுபாடு இங்கே ஐந்தில் ஒரு பங்காகிவிடுகின்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் செவி இயற்கைக் காந்தாரத்தின் பக்கமே சாயும். மேலும் நம் இசையில் சுரம் ஒரே புள்ளியில் நிற்பதன்று. கமகத்தால் அசைந்து செல்வது. அசைவதை எந்தப் புள்ளியில் வைத்து அளப்பது என்று பிற்கால ஆராய்ச்சியாளரும் திகைக்கின்றனர். இன்று கருவிகளைக் கொண்டு பாடகர் குரலின் அதிர்வெண்ணை நொடிதோறும் அளந்து பார்க்கின்றனர். அவ்வாறு அளந்தும் 22 என்றோ 24 என்றோ எல்லாரும் ஒப்பும் முடிவு ஏற்படவில்லை.

ஆயினும் பஞ்சமங்களின் வட்டம் மூடுவதில்லை என்று அவர் காட்டிய கணக்கை எவரும் அசைக்கவில்லை, அசைக்கவும் இயலாது. அதனினும் பெரிதாக மற்றொன்றை நான் மதிக்கின்றேன். சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகள் வெறுஞ்சொற்களாகக் கிடந்தன. அவற்றைத் தந்தியில் வைத்து ஒலித்துப் பார்க்க முடியும், பார்த்தே ஆக வேண்டும் என்னும் வழியை அவர் திறந்துவிட்டார். அவருக்குப் பின் யாழ் பற்றியும் பண் பற்றியும் எழுதியோர், உடன்பட்டும் மறுத்தும், அவ்வழியிலேயே நடந்தனர். சாம்பவர்வடகரையிலிருந்து கல்வி தேடிப் புறப்பட்ட இளைஞர் ஒருவர் இவ்வளவும் செய்தார்.

நூல் வெளிவந்த பின் அவர் நெடுநாள் வாழவில்லை. 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள், அறுபது ஆண்டு நிறைந்த அதே திங்களில், தஞ்சாவூரில் மறைந்தார். தாம் அமைத்த தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகம், பரோடா மாநாட்டிற்கு அவரோடு சென்ற மகள் மரகதவல்லி அம்மாளின் முயற்சியால், 1946-இல் வெளிவந்தது.